ஒருநாள் வகுப்பு நடத்துவது எப்படி: கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேடை போடாதீர்கள். கலை, வரலாறு, இலக்கியம் என்று பெரியவர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடத்த நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் என எந்த ஊரானாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ ஒரு மண்டபத்தில் இலக்கியக் கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்பு, வாழ்த்துரை, நன்றியுரை என்று பெயர்கள் நிரம்பியிருக்கும். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, ஒவ்வொருவரும் மற்றவரைப் புகழ்ந்து முடித்த பிறகு, பன்னிரண்டு மணிக்கு மேல்தான் விஷயம் தெரிந்தவர் ஒலிபெருக்கி முன் வருவார். அதற்குள் 'சுருக்கமாக' என்று எழுதிய துண்டுச்சீட்டு அவர் கைக்குப் போய்விடும். பந்தி காத்திருக்கிறதல்லவா!

ஒருநாள் வகுப்பு வேறு வகை. இருபத்தைந்து பேர், ஓர் ஆசிரியர், ஒரு கேள்வி, காலை முதல் மாலை வரை. தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. பிரிட்டனில் 1903இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் கல்விச் சங்கமும், பல்கலைக்கழகங்களின் வெளிக்கல்வித் துறைகளும் இந்த வடிவத்தை வளர்த்தெடுத்தன. ஒரு சனிக்கிழமை முழுவதும் ஒரே ஓவியர், அல்லது ஒரே நாவல். வேலைக்குப் போகிறவர்கள் வந்து உட்கார்ந்து படித்துவிட்டு வீடு திரும்புவார்கள். நம்மிடம் வயதுவந்தோர் கல்வி என்றால் 1978இல் தொடங்கிய தேசியத் திட்டமும் 1990களின் அறிவொளி இயக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் எழுத்தறிவுக்காக நடந்தவை. அன்று அதுதான் தேவையாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு, பள்ளியை விட்டு முப்பது ஆண்டுகளைப் பனியன் கம்பெனியிலோ விசைத்தறிக் கூடத்திலோ வங்கிக் கவுண்டரிலோ கழித்தவருக்கு, அதற்கு மேல் ஏதும் ஏற்பாடு இல்லை. அந்த இடத்துக்குத்தான் இந்த வகுப்பு.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

'கொங்கு நாட்டு வரலாறு' என்று தலைப்பு வைத்தால் அன்று மாலை யாருக்கும் எதுவும் தங்காது. சங்க காலத்தில் தொடங்கி, கங்கர், சோழர், கொங்குச் சோழர், ஒய்சளர், நாயக்கர், திப்பு, கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஓடி, தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட இடத்தில் மூச்சு வாங்கி நிற்க வேண்டியிருக்கும். தலைப்பு ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு நேர்மையான இரண்டு விடைகளாவது இருக்க வேண்டும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: ஒரு தாள், ஓர் இடம். கேள்விக்கு வேண்டிய மூலம் ஒரு தாளின் இரு பக்கங்களில் அடங்க வேண்டும். அதோடு தொடர்புடைய ஓர் இடமோ பொருளோ ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும். கொங்கு நாட்டில் இது கடினமே அல்ல. கோவைக்காரர்களுக்குச் சுண்டக்காமுத்தூர் அருகே இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் நோக்கிப் போன வணிகப் பாதை பற்றி ஒரு நாள் முழுவதும் பேசலாம். திருப்பூர்க்காரர்களுக்குத் திருமுருகன்பூண்டி: சுந்தரர் வழிப்பறி வேடுவர்களைப் பற்றிப் பாடிய பதிகத்தை வைத்து, வழிப்பயணம் அன்று எப்படி இருந்தது என்று கேட்கலாம். பெருந்துறை, ஊத்துக்குளிப் பக்கத்தவர்களுக்கு விஜயமங்கலத்துச் சமணக் கோயிலும், அவ்வூரோடு மரபு இணைத்துச் சொல்லும் கொங்குவேளிரின் பெருங்கதை என்ற காப்பியமும் இருக்கின்றன. நாமக்கல்லில் மலையடியிலேயே அதியர் காலக் குடைவரைகள். பழனி, உடுமலை, தாராபுரத்தவர்களுக்கும் தேடினால் கிடைக்கும்.

படி 2: நாள் பார்ப்பது

இதில்தான் நல்ல வகுப்புகள் பல கவிழ்கின்றன. திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று யாரும் வரமாட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் போனஸ், ஆர்டர் நெருக்கடி என்று ஞாயிறும் வேலை நடக்கும். மற்ற ஊர்களில் ஞாயிறு சரி. ஆனால் முகூர்த்த ஞாயிறு வேண்டவே வேண்டாம். நம் ஊரில் கல்யாணத்துக்குப் போகாமல் வகுப்புக்குப் போனவரை மச்சான் வீட்டார் பத்து ஆண்டுகளுக்கு நினைவில் வைத்திருப்பார்கள்.

ஆகவே ஆடியும் மார்கழியும் நம் மாதங்கள். கல்யாணம் இல்லை, மண்டபம் காலியாகக் கிடக்கிறது, வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஆடிப்பெருக்கை ஒட்டிய ஞாயிறை மட்டும் விட்டுவிடுங்கள். பவானி கூடுதுறைப் பக்கம் வண்டி நகராது. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனி போகும் சாலைகள் எல்லாம் பாதயாத்திரைக் கூட்டம். பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி; அத்துடன் ஈரோடு, கரூர் வெயிலில் பாறை ஏறச் சொல்வது பாவம். ஈரோட்டுப் புத்தகத் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் நாட்களில் போட்டிக்கு நிற்காதீர்கள். அங்கே போய்த் துண்டறிக்கை கொடுங்கள். வருகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

படி 3: பேச்சாளரை விடுங்கள், ஆசிரியரைத் தேடுங்கள்

பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குகிறவர் வேறு, ஒரு செய்யுளை முன்னால் வைத்துக்கொண்டு 'இந்தச் சொல்லுக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்டுவிட்டு அமைதியாக இருக்கத் தெரிந்தவர் வேறு. உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர். பெரும்பாலும் அவர் ஓய்வுபெற்ற கல்லூரித் தமிழாசிரியர், கல்வெட்டுத் துறையில் இருந்தவர், அல்லது சொந்த ஆர்வத்தில் ஊர் ஊராக நடுகல் தேடி அலையும் பள்ளி ஆசிரியர். புகழ் இருக்காது. கேட்டால் 'எனக்கெதற்கு' என்று தயங்குவார். தயங்குவது நல்ல அறிகுறி.

அவரிடம் நான்கு செய்திகளை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். நாள் முழுவதும் சேர்த்து அவர் பேசுவது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு நேரத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேசக் கூடாது. 'உறுதியாகத் தெரிந்தது', 'அறிஞர்கள் கருதுவது', 'ஊரில் சொல்வது' என்ற மூன்றையும் அவர் பிரித்துச் சொல்ல வேண்டும். நான்காவது பணம். மதிப்பூதியம் எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சால்வை போர்த்தி, உறையில் எவ்வளவு என்று தெரியாமல் அனுப்பும் பழக்கம் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். சால்வைக்குச் செலவழிக்கும் பணத்தையும் அந்த உறையிலேயே வைத்துவிடலாம்.

படி 4: தாள்

வகுப்பின் உயிர் இந்தத் தாளில் இருக்கிறது. பங்கேற்பவர் கையில் மூலம் இல்லாவிட்டால் அவர் வெறும் பார்வையாளர். செய்யுள் என்றால் ஒரு பக்கம் மூலபாடம், அதன் கீழே சந்தி பிரித்த வடிவம், அருஞ்சொற்களுக்கு மட்டும் பொருள். முழு உரையைக் கொடுத்துவிடாதீர்கள்; கொடுத்தால் கண் நேராக உரைக்குப் போய்விடும், செய்யுள் தனியே கிடக்கும். கல்வெட்டு என்றால் அதன்மேல் தாள் ஒற்றி மையால் எடுத்த படியின் ஒளிப்படம், வரிக்கு வரி எழுத்துப்பெயர்ப்பு, எழுத்து அட்டவணை. எழுத்தின் அளவு பெரிதாக இருக்கட்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். ஒரு நிலப்படமும் அவசியம்: நொய்யல், அமராவதி, பவானி, காவிரி நான்கும், ஊர்ப்பெயர்கள் ஏழெட்டும் போதும். தாளை வாட்ஸ்அப்பில் முன்பே அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அனுப்பலாம், யாரும் படிக்கமாட்டார்கள். அச்சிட்டுக் கையில் கொடுங்கள், பென்சிலோடு.

படி 5: இடம், சோறு, பணம்

அரசு நூலகத்தின் வாசகர் அறை, பள்ளி வகுப்பறை, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் எல்லாம் உதவும். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் 'ப' வடிவில் போடுங்கள். எல்லோருக்கும் எழுத மேசை வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தின் நீள மேசைகள் இதற்கு அருமை. இருபத்தைந்து பேருக்கு மைக் தேவையில்லை. மைக் வந்தால் கூடவே பேச்சும் வந்துவிடும்.

மதியம் இலை போட்டு, வடை பாயசத்தோடு விருந்து வைத்தால் இரண்டு மணி வகுப்பில் குறட்டைதான் கேட்கும். அரிசி பருப்பு சாதம், நெய், அப்பளம், ஒரு பொரியல், மோர். கொங்கு வயிற்றுக்கு அது போதும். பதினொரு மணிக்கும் மூன்றேகாலுக்கும் தேநீர். கூட வேகவைத்த நிலக்கடலை.

கட்டணம் வாங்குங்கள். இலவசம் என்றால் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். உங்களுக்கோ சோற்றுக் கணக்கு இடிக்கும். ஆளுக்கு 400 ரூபாய், இருபத்தைந்து பேர் என்றால் 10,000. ஆசிரியருக்கு 4,000, சாப்பாடு தேநீருக்கு 3,500, இடத்துக்கும் துப்புரவுக்கும் 1,000, அச்சுக்கும் எழுதுபொருளுக்கும் 1,000 என்று ஒதுக்கினால் 500 மிஞ்சும். ஊருக்கு ஊர் விலை மாறும், விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேன் செலவைத் தனியாக, போகிறவர்களிடமே பிரித்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கும் கொடுக்க முடியாதவர்களுக்கும் கட்டணத்தை விட்டுவிடுங்கள், மற்றவர்களுக்குத் தெரியாமல். புரவலர் என்று ஒருவரைப் பிடித்தால் அவர் படம் போட்ட பதாகை வரும், பின்னாலேயே மேடையும் வந்துவிடும்.

படி 6: ஒரு நாளை நிரப்புவது

மூன்று மாதிரிகள் தருகிறேன். முதலாவதை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் மற்றவற்றை அதிலிருந்து நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்.

*வரலாறு: புகழூர்*

கரூர்–சேலம் நெடுஞ்சாலையில் வேலாயுதம்பாளையத்தில் இறங்கினால் ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயில். பாறையின் ஒதுக்கிடங்களில் சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகளும், தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் வெட்டிய கல்வெட்டுகளும். அவற்றில் ஒன்று இப்படிப் படிக்கப்படுகிறது: 'மூதா அமண்ணன் யாற்றூர் செங்காயபன் உறைய் கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்.' யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவி தங்குவதற்காக, இளங்கடுங்கோ இளவரசனானபோது வெட்டிக்கொடுத்த கல் என்பது பொருள். தாத்தா, தந்தை, மகன் என மூன்று தலைமுறைச் சேரர்கள் ஒரே வாக்கியத்தில் நிற்கிறார்கள்.

கேள்வி: சேர அரசர்களை ஆளுக்குப் பத்துப் பாட்டாகப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தில், ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்கள்தானா இவர்கள்?

காலை ஏழரைக்கே மலைக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். அங்கே எதையும் விளக்க வேண்டாம். எல்லோரும் கல்வெட்டைப் பார்த்து, தெரிகிற வடிவங்களைத் தாளில் வரையட்டும். முதலில் கீறலா எழுத்தா என்றே தெரியாது. சாய்ந்த ஒளியில் மெல்ல எழுத்துகள் பிரிந்து வரும். யாராவது ஒருவர் திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்துக் கூவுவார். அது 'க'வாக இருக்கும். தமிழ் பிராமியில் அது ஒரு சிலுவைக்குறி, கண்ணில் முதலில் படுவது அதுதான். அந்தக் கூவலுக்குப் பிறகு பாதி வேலை முடிந்துவிட்டது.

பத்தரைக்கு வகுப்பறை. முதல் ஒரு மணி நேரம் எழுத்து மட்டும். அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தன் பெயரைத் தமிழ் பிராமியில் எழுத வேண்டும். ழ, ள, ற, ன என்ற ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் இருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். இந்த எழுத்து வடிவத்தைத் தமிழுக்காகத் திருத்தியமைத்திருக்கிறார்கள் என்பது பெயரில் 'ழ' உள்ளவருக்கு உடனே புரியும். தேநீருக்குப் பிறகு அவரவர் வரைந்ததையும் தாளில் உள்ள படியையும் ஒப்பிட்டு வரிவரியாகப் படிப்பது. 'அமண்ணன்' என்ற சொல்லுக்கு வந்ததும் சமணம் பற்றிக் கேள்விகள் எழும். பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள். அதே மலையில் வேறொரு கல்வெட்டில் கருஊர்ப் பொன்வாணிகன் ஒருவன் வருகிறான் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். துறவிக்கு இடம் செய்து தந்தவர்கள் அரசர்கள் மட்டுமல்லர் என்று தெரிந்தவுடன் கடைவீதிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மதியம்தான் வழக்கு. தாளின் மறுபக்கத்தில் பதிற்றுப்பத்துப் பதிகங்களிலிருந்து, அதாவது ஒவ்வொரு பத்தின் முடிவிலும் அதன் தலைவனைப் பற்றிச் சொல்லும் செய்யுள்களிலிருந்து, வேண்டிய வரிகள். ஏழாம் பத்தின் தலைவன் செல்வக்கடுங்கோ வாழியாதன். கல்வெட்டின் 'ஆதன்' அவன் பெயரில் இருக்கிறது. எட்டாம் பத்தின் தலைவன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. அவன் செல்வக்கடுங்கோவின் மகன் என்று பதிகம் சொல்கிறது. இதுவரை பொருந்துகிறது. ஒன்பதாம் பத்தில் சிக்கல் வருகிறது. இளஞ்சேரல் இரும்பொறையின் தந்தை குட்டுவன் இரும்பொறை என்கிறது அதன் பதிகம். கல்வெட்டோ இளங்கடுங்கோவைப் பெருங்கடுங்கோனின் மகன் என்கிறது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'அவர்களேதான்' என்றும் மறுபக்கம் 'இல்லை' என்றும் வாதிடச் சொல்லுங்கள். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இந்த மூவரையும் சங்க காலச் சேரரோடு இணைத்ததையும், அதை வைத்துத்தான் சங்க காலக் கணிப்பில் பலர் கால் ஊன்றுகிறார்கள் என்பதையும் ஆசிரியர் வாதம் முடிந்த பிறகு சொல்லட்டும். முதலிலேயே சொன்னால் வாதம் எழாது. பாலை பாடிய பெருங்கடுங்கோ என்ற சங்கப் புலவரின் பெயரை அப்போது யாராவது கிளப்புவார். கிளப்பாவிட்டால் நீங்கள் கிளப்புங்கள்.

*இலக்கியம்: ஒரு நாவல், ஒரு நிலத் தகராறு*

சங்கப் பாடல்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கொடுமணல் இருக்கிறது. சென்னிமலைப் பக்கம், நொய்யலின் வடகரையில். 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்று அரிசில்கிழார் பாடியது பதிற்றுப்பத்தின் 74ஆம் பாட்டில். மணி செய்த பட்டறைத் தடயங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் பெயர் பொறித்த பானை ஓடுகளும் அங்கே அகழாய்வில் கிடைத்தன. 'வினைமாண்' என்ற ஒரு சொல்லை வைத்தே காலை நேரத்தை ஓட்டிவிடலாம். ஆனால் ஊருக்குப் போனால் ஏமாற்றம் காத்திருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அகழாய்வுக் குழிகள் மூடப்பட்டுவிடும். வயல்களும் ஈமச்சின்னக் கற்களும்தான் கண்ணுக்குத் தெரியும்.

எனக்குப் பிடித்தது வேறு: ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', 1942. சிறிய நாவல், கொங்கு வழக்கில் எழுதப்பட்டது. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் குடும்பத்தோடு ஒன்றாக இருப்பவள், நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். ஊர் அவளைத் திமிர் பிடித்தவள் என்கிறது. முன்பே படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்; இது ஒன்றுதான் வீட்டுப்பாடம்.

காலை, மூன்று பகுதிகளை உரக்க வாசிப்பது. வாசிக்கிறவர் நம் ஊர்க்காரராக, வயதானவராக இருக்கட்டும். உரையாடல் அவர் வாயில் உயிர் பெறும். பண்ணயம் (விவசாயம்), கவலை இறைப்பது (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைப்பது), தொண்டுப்பட்டி (மாட்டுப்பட்டி) என்று வரும்போது ஆசிரியரைவிட வகுப்பில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியும். அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் கவலை ஓட்டுவது எப்படி என்று கேட்டுவிட்டு ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். மதியம், சட்டம். இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் 1937இல் வந்தது. கணவன் இறந்தால் கூட்டுக் குடும்பச் சொத்தில் அவன் பங்கு மனைவிக்கு உண்டு என்றது. ஆனால் அது விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது. மறு ஆண்டு இந்த நாவல் வருகிறது. சண்முகசுந்தரம் அதை மனத்தில் வைத்து எழுதினார் என்று சொல்ல ஆதாரம் வேண்டும். காலம் மட்டும் அருகருகே நிற்கிறது. நாகம்மாள் கேட்டது அவளுக்குச் சேர வேண்டியதா, இல்லையா? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுப் பெண்களை முதலில் பேசச் சொல்லுங்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் 'சீர் செய்தாகிவிட்டதே' என்று கையெழுத்து வாங்கப்பட்டவர்கள் வகுப்பில் இருப்பார்கள். அன்று நேரத்துக்கு முடிக்க முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

*கலை: கைத்தாளமும் கல்தூணும்*

ஈரோடு–காங்கேயம் சாலையில் அறச்சலூர். அங்குள்ள நாகமலைக் குகைத்தளத்தில் புலவர் செ. இராசு கண்டறிந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலம் படித்தாலும் வலமிருந்து இடம் படித்தாலும், மேலிருந்து கீழ் படித்தாலும் கீழிருந்து மேல் படித்தாலும் ஒன்றே. எழுத்துகளைப் புணர்த்தியவன் மணிய்வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வண்ணக்கன் என்றால் காசு, மணி ஆகியவற்றின் தரத்தைச் சோதித்து நோட்டம் பார்ப்பவன். இது ஆடலுக்கான சொற்கட்டா, பண்ணுக்கான குறிப்பா என்பதே வகுப்பின் கேள்வி. விடை தேடும் வழி நாக்கிலும் கையிலும் இருக்கிறது. பறையோ தவிலோ வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, எல்லோரும் கைகொட்டிச் சொல்லிப் பார்க்க வேண்டும்: முதலில் மெதுவாக, பிறகு இரட்டை வேகத்தில், பிறகு பாதிப்பேர் மேலிருந்தும் பாதிப்பேர் ஓரத்திலிருந்தும் தொடங்கி. பிற்பகலில் வள்ளி கும்மி ஆடுகிறவர்களை வரவழைத்து, அவர்கள் அடவுச் சொற்களோடு ஒப்பிடலாம். ஒற்றுமை தெரிந்தால் 'அன்றிலிருந்து தொடர்ச்சி' என்று யாராவது குதிப்பார். ஆசிரியர் அதைத் தடுத்தாக வேண்டும். இடையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன.

சிற்பம் என்றால் பேரூர். பட்டீசுவரர் கோயில் கனகசபையின் தூண்களில் ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, யானையுரி போர்த்தவர், வீரபத்திரர்கள், பிட்சாடனர். நாயக்கர் காலத்து வேலை. எல்லாவற்றையும் சுற்றிக் காட்டாதீர்கள். ஆளுக்கு ஒரு தூண், ஒரு மணி நேரம், கையில் பென்சில். வரையத் தெரியாது என்பவர்தான் நன்றாகப் பார்ப்பார். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோயில் காலையில், பேச்சு பிற்பகலில்.

படி 7: வெளியே போகும்போது

ஒரு வாரம் முன்பே நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கம்பிக்கதவு பூட்டியிருந்தால் சாவி யாரிடம், கழிவறை எங்கே, படிகள் எத்தனை, முழங்கால் வலிக்காரர் எங்கே உட்காரலாம் என்று பாருங்கள். கோயில் என்றால் செயல் அலுவலருக்கு ஒரு கடிதம். படம் எடுக்க அனுமதி உண்டா என்று அதிலேயே கேட்டுவிடுங்கள். கல்வெட்டின் மீது சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய், தண்ணீர் எதுவும் படக் கூடாது. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று மாவு பூசும் ஆர்வலர் எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் ஒரு டார்ச் கொடுத்து, பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். படியெடுப்பது அனுமதி பெற்ற துறையினர் வேலை. நிலம் தனியாருடையது என்றால் தோட்டத்துக்காரரிடம் முதலில் பேசுங்கள். பெரும்பாலும் அவரும் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார், கட்டணம் கேட்காதீர்கள்.

படி 8: சாதி வரும்போது

வரும். கொங்கு வரலாற்றைத் தொட்டால் முதல் தேநீருக்கு முன்பே 'இந்த அரசன் எங்கள் கூட்டம்' (எங்கள் குலத்தான்) என்று ஒருவர் எழுவார். அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகக் கேட்கும் வகுப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். பொன்னரும் சங்கரும் பலருக்குக் கும்பிடும் சாமி. கதையில் எதிரிகளாக வருகிறவர்களின் வழிவந்தோர் என்று தம்மைக் கருதுகிறவர்களும் அதே மேசையில் உட்கார்ந்திருக்கலாம். பயந்து தவிர்க்க வேண்டியதில்லை. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் இங்கே தங்கி அந்தப் பாட்டை முழுமையாகப் பதிவு செய்திருப்பதால் நல்ல மூலம் இருக்கிறது. ஆனால் காலையிலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள்: யார் எதைச் சொன்னாலும் 'எந்தச் சான்று, எந்தக் காலத்தது' என்று கேட்கப்படும், ஆசிரியரிடம் உட்பட. வம்சப் பட்டியலோடு வருகிறவரிடம் அந்தப் பட்டியல் எப்போது எழுதப்பட்டது என்று மரியாதையாகக் கேளுங்கள். கொங்கு நாட்டின் பெருமையை நூறு பாட்டில் சொல்லும் கொங்கு மண்டல சதகம் நல்ல நூல். ஆனால் அது சொல்லும் நிகழ்வுகள் பல அதற்கு நெடுங்காலம் முந்தையவை. இதைச் சொல்வதில் யாருக்கும் அவமரியாதை இல்லை. குரல் உயர்ந்தால் தேநீர் நேரத்தை முன்னால் இழுத்துவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வகுப்புக்கு யார் வரவில்லை என்று பாருங்கள். அழைப்பு உங்கள் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் சுற்றினால் உங்கள் வட்டமே வந்து உட்காரும். நூலக அறிவிப்புப் பலகை, தொழிற்சங்க அலுவலகம், ஊர்ப்புற அஞ்சலகம், தையல் பயிற்சிக் கூடம் என்று தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள். பெண்கள் வர வேண்டுமானால் ஒன்பது மணிக்குத் தொடங்காதீர்கள். வீட்டுக்குச் சமைத்துவைத்துவிட்டுத்தான் வருவார்கள், அது நியாயமா என்பது வேறு வகுப்பு. வெளியே போகும் பயணம் அதிகாலையில் என்றால் அதைத் தனியாக வைத்து, பத்தரைக்கு நேராக வகுப்பறைக்கு வருகிறவர்களுக்கும் வழி விடுங்கள்.

படி 9: நாலரைக்குப் பிறகு

சான்றிதழ் வேண்டாம். கொடுத்தால் அடுத்த முறை சான்றிதழுக்காக வருகிறவர்கள் வருவார்கள். குழுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேநீர் நேரத்திலேயே எடுத்துவிடுங்கள். கடைசியில் எடுத்தால் கடைசி அரை மணி நேரம் அதற்கே போய்விடும். அந்த அரை மணி நேரம் வேறொன்றுக்கு வேண்டும். ஒவ்வொருவரும் விடை கிடைக்காத ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 'யாற்றூர் எங்கே?' 'அமணர் நம் ஊரை விட்டு எப்போது போனார்கள்?' 'பொன்வாணிகனுக்குப் பொன் எங்கிருந்து வந்தது?' என்பது போன்ற கேள்விகள் வரும்.

அன்றிரவே அவற்றைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், யார் கேட்டது என்ற பெயரோடு. மூன்று பேருக்கு மேல் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் அடுத்த வகுப்புக்குத் தலைப்பு தேட வேண்டியதில்லை. மீதிக் கேள்விகளுக்கு, கேட்டவரையே பொறுப்பாக்குங்கள்: மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்த் தேடி, அடுத்த வகுப்பின் முதல் பதினைந்து நிமிடத்தில் கிடைத்ததைச் சொல்ல வேண்டும், எந்த நூலில் எந்தப் பக்கத்தில் என்பதோடு. மிஞ்சிய 500 ரூபாயை அந்த ஜெராக்ஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.